தோளுக்குப் பின்னால் ஒரு குரல்

காரியாபட்டி பஸ் நிலையத்தில் காத்திருக்கும்போதெல்லாம் ஒரு காட்சியை நான் ரசித்துப் பார்ப்பதுண்டு. டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுப்பார். கண்டக்டர் கீழே நின்று, "வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்று கூவுவார். பின்னால் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கையிலோ ஸ்டியரிங் இல்லை. ஆனாலும் சொன்ன இடத்தில் வண்டி நின்றுவிடும். அன்று அப்படி நின்ற சமயம், மதுரையில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. எனக்கு 1996-ம் வருஷத்து விபத்து ஞாபகம் வந்தது.

அவ்வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலை, கஜகஸ்தான் விமானம் ஒன்று டில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானம் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் அன்று அங்கே ஒரே வான்பாதைதான். தரையிலிருந்த அதிகாரி, வருகிறவரை 15,000 அடியிலும் போகிறவரை 14,000 அடியிலும் இருக்கச் சொன்னார். எதிரே விமானம் வருகிறதென்று எச்சரிக்கவும் செய்தார். அவருடைய ரேடார் உயரத்தைக் காட்டாது. விமானத்தார் வாயால் சொல்வதுதான் கணக்கு.

கஜகஸ்தான் விமானத்தில் தரையோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். உயரம் காட்டும் கருவி அவருக்கென்று தனியே கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரவு அவர் காதில். கருவியும் விசையும் அவர்களிடத்தில்! விமானம் 15,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதைக் கண்ட ஆபரேட்டர் மேலே ஏறச் சொன்னார். ஏறத் தொடங்கியபோதே மோதல் நேர்ந்துவிட்டது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு அருகே, வயல்வெளிகளில் இரண்டு விமானங்களும் விழுந்தன. மாண்டவர்கள் 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லஹோதி விசாரணை நடத்தினார். விதித்த உயரத்துக்குக் கீழே கஜகஸ்தான் விமானம் இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. பிறகு டில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதைகள் ஏற்பட்டன. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று.

நல்ல காரியங்கள்தாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த 349 பேரைக் காப்பாற்றக்கூடிய செய்தி, வேறு எங்கும் அல்ல, அந்த விமானத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு அது போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிட்டது. அறியாமையைவிடக் கொடியது இது.

என் பஸ் புறப்பட்டது. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதினார். அதுவரை டிரைவர் கியரைத் தொடவில்லை.