பத்திரம் யார் பெயரில்?

நாசரேத், பிரகாசபுரம் பக்கத்து ஆட்களுக்கு செவந்த்டே அட்வென்டிஸ்ட் சபையைத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை ஆராதனை வைப்பவர்கள். கான்பரன்ஸ், யூனியன், டிவிஷன், எல்லாவற்றுக்கும் மேலே அமெரிக்காவில் ஜெனரல் கான்பரன்ஸ் என்று படிப்படியாக ஏறிப்போகும் நிர்வாகம் அவர்களுடையது. ஆனால் இந்தச் சபையை ஆரம்பித்தவர்கள் நிர்வாகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டவர்கள். சபைக்கு ஒரு பெயர் வைக்கவே அவர்களுக்கு 16 வருஷம் பிடித்தது.

காரணம் இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தின் 2,300 நாள் கணக்கை வைத்து இயேசுவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். அவருடைய இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். இதை நம்பியவர்களில் பலரை அவரவர் சபைகள் பெயர் வெட்டி வெளியே தள்ளின. வலி இருக்கும் அல்லவா? மனிதர் சேர்ந்து ஒரு சபையை அமைத்தால், அமைத்த அந்த நிமிஷமே அது பாபிலோன் ஆகிவிடும் என்று ஜார்ஜ் ஸ்டோர்ஸ் என்ற பிரசங்கியார் எழுதினார். குறித்த நாள் வந்து போயிற்று, ஆண்டவர் வரவில்லை. ஆனால் ஸ்டோர்ஸ் சொன்னது மட்டும் மனசில் தங்கிவிட்டது.

சிதறிப்போனவர்களில் ஒரு சிறு கூட்டம் ஏழாம் நாள் ஓய்வுநாளைக் கைக்கொள்ளத் தொடங்கியது. ஜேம்ஸ் ஒயிட், அவர் மனைவி எலன் ஒயிட், ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் மூவரும் முன்னணியில் நின்றார்கள். 1849-ல் ஜேம்ஸ் ஒயிட் ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்த நாளில் இவர்களுக்கு உறுப்பினர் பட்டியலும் இல்லை, போதகருக்குச் சம்பளமும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து, நானும் உங்கள் ஆள்தான் என்று பிரசங்கம் பண்ணலாம், சாப்பிடலாம், காணிக்கை வாங்கிக்கொண்டு போகலாம். இந்தத் தொல்லை தாங்காமல் 1853-ல் நம்பத்தக்க ஊழியருக்கு ஒரு அட்டை கொடுத்து, மூத்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். பாபிலோனை நோக்கி முதல் படி என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

சம்பளக் கதை இன்னும் பரிதாபம். ஜான் லஃப்பரோ என்ற இளம் பிரசங்கியார் வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் ஊழியத்தை விட்டுவிட்டு, அயோவா மாநிலத்தில் வாக்கன் என்ற ஊரில் தச்சு வேலைக்குப் போய்விட்டார். 1856 டிசம்பரில் ஒயிட் தம்பதியர் உறைந்து கிடந்த மிசிசிப்பி ஆற்றைக் கடந்து அவரைத் தேடிப் போனார்கள். குகையில் ஒளிந்திருந்த எலியாவைக் கர்த்தர் கேட்ட அதே கேள்வியை எலன் அம்மையார் அவரிடம் கேட்டார். மனுஷர் திரும்பி வந்துவிட்டார். வந்தபின் ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்ததற்கு அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் கோதுமை, ஆப்பிள், உருளைக்கிழங்கு, மேப்பிள் சர்க்கரை, அரைப் பன்றி, ரொக்கமாக 4 டாலர்! 1859-ல்தான் ஆண்கள் வாரம் 5 முதல் 25 சென்ட், பெண்கள் 2 முதல் 10 சென்ட், சொத்துள்ளவர்கள் 100 டாலருக்கு 1 முதல் 5 சென்ட் என்று ஒரு ஒழுங்கு வந்தது. அதற்கும் முணுமுணுப்புதான்.

ஆனால் உண்மையான வெடி அச்சகத்தில்தான் வெடித்தது. 1855-ல் அச்சகத்தை மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் நகருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விசுவாசிகள் காணிக்கையாகவும் கடனாகவும் கொடுத்த பணத்தில் ஓடியது. சட்டப்படி மட்டும் எல்லாம் ஜேம்ஸ் ஒயிட் பெயரில்! சபைக்குப் பெயர் கிடையாது, பதிவு கிடையாது. வேறு யார் பெயரில் வாங்குவது? 1860 பிப்ரவரியில் அவர் பத்திரிகையிலேயே எழுதிவிட்டார்: சபைச் சொத்தைச் சட்டப்படி வைத்துக்கொள்ள வழி செய்யுங்கள், அச்சகத்துக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு இனி என் சொந்தப் பொறுப்பில் சீட்டு எழுதித் தரமாட்டேன்.

முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் இந்த இடம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பொதுப்பணத்தில் வாங்கிய இடம் ஒரு நல்ல மனிதர் பெயரில் இருக்கும். அவர் இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் வராது. கண்ணை மூடிய பிறகு வாரிசுகள் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் வக்கீல் வருவார். ஒயிட் அந்த நாளை உயிரோடு இருக்கும்போதே யோசித்தார். பதவிக்கு ஆசைப்பட்டவர் செய்கிற காரியமாக இது எனக்குத் தெரியவில்லை.

ஆர். எஃப். காட்ரெல் என்ற ஊழியர் உடனே மறுத்து எழுதினார். நமக்கென்று ஒரு பெயர் உண்டாக்கிக்கொள்வது பாபேல் கோபுரம் கட்டியவர்கள் செய்த பாவம், அரசாங்கச் சட்டத்தில் சாய்வது கர்த்தரை விட்டு மனிதனை நம்புவது என்பது அவர் கட்சி. காட்ரெல் வம்புக்காரர் அல்ல. பலர் மனசில் இருந்ததைத்தான் எழுதினார். ஒயிட்டின் கட்சியோ, பாபிலோன் என்றால் குழப்பம் என்று அர்த்தம், நாம் இப்போது இருக்கிற நிலைதான் குழப்பம் என்பது.

இதே காலகட்டத்தில் நம் பக்கத்திலும் இப்படி ஒரு நெருப்பு எரிந்தது. 1857-ல் சட்டம்பிள்ளை, நாசரேத் மிஷனரிமாரோடு முறித்துக்கொண்டு, வெள்ளைக்காரர் அதிகாரமும் பணமும் வேண்டாம் என்று இந்து கிறிஸ்தவ சபையை ஆரம்பித்தார். அவர்களும் சனிக்கிழமை ஓய்வுநாள்காரர்கள்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் பிரகாசபுரத்துக்கு வந்ததற்கு இந்தத் தொடர்பே காரணம்.

பேட்டில் கிரீக்குக்குத் திரும்புவோம். 1860 செப்டம்பர் கடைசியில் கூடிய கூட்டத்தில் நாள்கணக்கில் பேசினார்கள். 'தேவ சபை' என்ற பெயரைச் சிலர் விரும்பினார்கள். அக்டோபர் 1 அன்று 'செவந்த்டே அட்வென்டிஸ்ட்' என்று முடிவாயிற்று. 1861 மே 3 அன்று அச்சகம் ஒரு சங்கமாகப் பதிவானது. அதே அக்டோபரில் மிச்சிகன் கான்பரன்ஸ் உருவானது. 1863 மே மாதம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 20 பிரதிநிதிகள் கூடி ஜெனரல் கான்பரன்ஸை அமைத்தார்கள். சபையார் மொத்தம் சுமார் 3,500 பேர். ஜேம்ஸ் ஒயிட்டை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு வற்புறுத்தியும் அவர் ஏற்கவில்லை. அமைப்பு வேண்டும் என்று இத்தனை வருஷம் வாதாடியவரே நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? அடிமைமுறையை எதிர்த்தவரும் முன்னாள் மெதடிஸ்டுமான ஜான் பையிங்டன் முதல் தலைவர் ஆனார்.

சொத்துச் சிக்கல் தீர்ந்தது. யார் சொல் கடைசிச் சொல் என்ற சிக்கல் தொடங்கியது. 1873-ல் தலைவராக இருந்த ஜார்ஜ் பட்லர், 'தலைமை' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். இஸ்ரவேலருக்கு மோசே இருந்தது போல ஒரு இயக்கத்துக்கு ஒரே தலைவர்தான் இருக்க முடியும், நமக்கு அவர் ஜேம்ஸ் ஒயிட் என்றார். ஜெனரல் கான்பரன்ஸும் கைதூக்கி ஏற்றுக்கொண்டது. வேறு ஒருவராக இருந்தால் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். ஒயிட்டோ, சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவர் இல்லை என்று எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனின் புத்திக்குச் சபை முழுவதும் அடங்கக் கூடாது, எல்லாரும் கூடி எடுக்கும் முடிவுக்குத்தான் அடங்க வேண்டும் என்று 1875-ல் எலன் அம்மையார் பட்லரைக் கண்டித்தார். 1877-ல் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த ஒப்புதலைத் திருத்தினார்கள்.

கண்டித்தாலும் பழக்கம் போகவில்லை. சபை உலகம் முழுவதும் பரவிய பிறகும் பேட்டில் கிரீக்கில் இருந்த சில பேரே எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். 1901-ல் எலன் அம்மையார் இதை ராஜ அதிகாரம் என்று சாட, யூனியன்கள் பிறந்தன. தலைவர் பதவியையே எடுத்துவிட்டு, 25 பேர் கமிட்டி தன் நாற்காலிக்கு ஆளைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கமிட்டி ஏ. ஜி. டேனியல்ஸைத் தேர்ந்தெடுத்தது. இரண்டே வருஷம். 1903-ல் ஓக்லண்டில் கூடியபோது தலைவர் பதவி மறுபடியும் வந்துவிட்டது, டேனியல்ஸே தலைவர். வேகனர் முதலான மூன்று பேர் மறுப்பறிக்கை கொடுத்தும் எடுபடவில்லை.

பேட்டில் கிரீக் அச்சகமோ அதற்குள், 1902 டிசம்பர் 30 இரவில், எரிந்து சாம்பலாகியிருந்தது. 1903-லேயே தலைமை அலுவலகமும் வாஷிங்டனுக்குப் பெட்டி கட்டியது.