ஒரு முழங்கையின் சரித்திரம்

மலருக்குச் சரித்திரக் கட்டுரை கேட்டால் நம்மவர்கள் அணைக்கட்டு, பாலம், ரயில்பாதை என்றுதான் எழுதுவோம். நான் எழுதப்போவது ஒரு மனிதரின் இடது முழங்கையைப் பற்றி. மெக்கானிக்கல் முடித்துவிட்டு மெயின்டனன்ஸ் பிரிவிலேயே காலம் தள்ளுகிற எனக்கு, இதைவிட நல்ல ரிப்பேர் கதை இதுவரை கிடைக்கவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் டாமி ஜான், அமெரிக்க பேஸ்பால் வீரர். 1943-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். பேஸ்பாலில் பந்தை எறிகிறவரை பிட்சர் என்பார்கள். நம்ம கிரிக்கெட் பவுலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பவுலர் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோ-பால். பிட்சருக்கோ அந்த மடக்கி நீட்டும் சொடுக்கில்தான் வேகமே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு எறியிலும் முழங்கையின் உள்பக்கத்துத் தசைநார் கடுமையாக இழுபடுகிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். ஒரே எறியில் அறுவது அபூர்வம். ஆயிரக்கணக்கான எறிகளில் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து ஒரு நாள் அறும். நாம் வகுப்பில் ஃபெடீக் என்று படித்தோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

டாமி ஜான் வேகத்துக்குப் பேர்போனவர் அல்ல. மட்டைக்குப் பக்கத்தில் வந்து தாழும் பந்துதான் அவர் சரக்கு. அடிப்பவர் மட்டையை வீசினால் பந்து தரையோடு உருளும், பீல்டர் எடுத்து அவுட்டாக்கிவிடுவார். 1963-இல் கிளீவ்லாந்து அணியில் தொடங்கி, சிகாகோ வழியாக லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு வந்தார். 1974 சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி என்று நல்ல நிலையில் இருந்தபோது, ஜூலை 17 அன்று மான்ட்ரியால் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அந்தத் தசைநார் போயே போய்விட்டது. அப்போது வயது 31. அந்தக் காலத்தில் பிட்சருக்கு இது நேர்ந்தால் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

டாட்ஜர்ஸ் அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதுவரை யாரும் பிட்சருக்குச் செய்யாத ஒன்றைச் செய்தார். 1974 செப்டம்பர் 25 அன்று ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்தார். இடது முழங்கையின் இரு எலும்புகளிலும் துளை போட்டு, அதற்குள் அந்த நாணை எட்டு வடிவில் கோத்துக் கட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நரம்பு மாதிரி புடைக்கிறதல்லவா, அதுதான் அந்த நாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாவிட்டாலும் கைக்குப் பெரிய நஷ்டமில்லை. இயற்கை நமக்குக் கொடுத்த ஸ்பேர் பார்ட் என்றே சொல்லலாம்!

மறுபடி விளையாட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பிறகு நரம்பு பாதித்து, விரல்கள் மரத்து மடங்கிப்போக, இரண்டாவது அறுவையும் தேவைப்பட்டது. 1975 முழுக்க ஓர் ஆட்டம் கூட ஆடவில்லை. ஆனால் சும்மா இருக்கவில்லை, பந்தை எறிந்து எறிந்து பழகிக்கொண்டே இருந்தார். உடலியக்கம் படித்த சக பிட்சர் மைக் மார்ஷல், முறையை மாற்றி எறியக் கற்றுக்கொடுத்தார். 1976-இல் களம் இறங்கி 10 வெற்றி, 10 தோல்வி. 1977-இல் 20 வெற்றி! பிறகு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 1979-இல் 21, 1980-இல் 22. கடைசியாக 1989-இல் ஓய்வு பெறும்போது வயது 46, ஆடிய சீசன் 26. மொத்தம் 288 வெற்றிகள். அதில் அறுவைக்கு முன் 124, பின் 164. ஒட்டுப்போட்ட கைதான் அதிகம் உழைத்தது.

இவ்வளவு இருந்தும் குறை இல்லாமல் இல்லை. 1977, 1978, 1981 என மூன்று முறை உலகத் தொடர் இறுதிக்குப் போன அணிகளில் இருந்தார், மூன்றிலும் தோல்வி. 300 வெற்றிக்கு 12 குறைவு. புகழ் மண்டபத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும். 15 ஆண்டுகள் வாக்குச்சீட்டில் பேர் இருந்தும், கடைசி வாய்ப்பான 2009-இல் 32 சதவீதம் கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் அறுவை என்று பேர் நிலைத்துவிட்டது. நூற்றுக்கணக்கான பிட்சர்கள் அதனால் பிழைத்தார்கள்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்று அமெரிக்காவில் பள்ளிப் பையன்கள் கூட இந்த அறுவைக்கு வருகிறார்கள். வருடம் பூராவும் ஓய்வில்லாமல் எறிவது முக்கியக் காரணம். அறுவை செய்தால் வேகம் கூடும் என்று நம்புகிற பெற்றோர்களும் உண்டு. அது உண்மையல்ல என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தன் பேரில் உள்ள சிகிச்சைக்குச் சிறுவர்கள் வருவதைப் பற்றி டாமி ஜானே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

மெயின்டனன்ஸ்காரன் கண்ணுக்கு விஷயம் இதுதான். ஜோப் டாக்டர் போட்டது ஒரு முடிச்சு. அந்த முடிச்சு 14 சீசன் தாங்கியதற்குக் காரணம், நடுவில் ஒரு சீசன் முழுக்கப் பொறுத்திருந்து, எறிகிற முறையையே மாற்றிக்கொண்ட மனிதர். அந்தப் பகுதியை விட்டுவிட்டு முடிச்சை மட்டும் கேட்டால் அது ரிப்பேர் ஆகாது. மெஷினோ, உடம்போ, நம் வேலையோ, பழுது பார்த்த பிறகுதான் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பழுதே வராமல் பார்த்துக்கொண்டால் இன்னும் உத்தமம்.