மாடிப்படியில் சிகரெட் புகை: அபார்ட்மெண்டுக்குள் சட்டம் எதுவரை வரும், நீங்கள் என்ன செய்யலாம்?

செகந்திராபாத்துக்கு வடக்கே இருக்கும் அல்வாலில், ஐந்து மாடி அபார்ட்மெண்ட் ஒன்றில் நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடிப்படியில் யாரோ சிகரெட் பிடிக்கிறார். கதவிடுக்கு வழியாகப் புகை ஹாலுக்குள் வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள், இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், அப்புறம் அமைதி. மறுநாள் மறுபடியும் அதே புகை.

இதை யார் தடுக்கணும்? போலீஸ் வருமா? சங்கம் அபராதம் போடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999-ல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத் தொல்லை என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நூலகம், நீதிமன்றம், பேருந்து, ரயில் போன்ற இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்தது. பிறகு வந்ததுதான் 2003-ம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். சுருக்கமாக 'கோட்பா'.

இதன் 4-வது பிரிவு பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகள், வேலை செய்யும் இடங்களையும் பொது இடத்தில் சேர்த்தன.

அபார்ட்மெண்ட் படிக்கட்டு பொது இடமா?

சிக்கலே இங்கேதான். சட்டத்தின் பட்டியலில் அபார்ட்மெண்ட் படிக்கட்டு, லிஃப்ட் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. ஆனால், 'உரிமையோடோ உரிமை இல்லாமலோ பொதுமக்கள் வந்துபோகும் இடம்' என்பதுதான் பொது இடத்துக்குச் சட்டம் தரும் விளக்கம். டெலிவரி கொண்டுவருபவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, விருந்தாளிகள் எல்லோரும் உங்கள் லாபியையும் லிஃப்ட்டையும்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் மூடிய பொதுப் பகுதிகளுக்குச் சட்டம் பொருந்தும் என்று வலுவாகவே வாதிடலாம். மொட்டை மாடி, தோட்டம் போன்ற திறந்த வெளிகளுக்கு அந்த வாதம் எடுபடாது. திறந்த வெளிக்குச் சட்டமே விலக்கு தருகிறது.

இன்னொரு கோணமும் உண்டு. வாட்ச்மேனுக்கும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கும் உங்கள் கட்டடம்தான் வேலை செய்யும் இடம். ஹைதராபாத்தில் பல அபார்ட்மெண்டுகளில் வாட்ச்மேன் குடும்பமே செல்லாரில், அதாவது கீழ்த்தள பார்க்கிங்கில், ஒரு சின்ன அறையில் குடியிருக்கும். 'வீட்டுக்குள்ள பிடிச்சா மனைவி திட்டுறாங்க' என்று கீழே இறங்கி வருபவரின் புகை, அந்த அறையில் தூங்கும் குழந்தைகளிடம்தான் போகிறது. குரூப்பில் புகார் எழுத அவர்களுக்கு இடம் கிடையாது.

இவ்வளவு கவலைப்படணுமா?

படணும். 2016-17-ல் இந்தியாவில் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள். இந்தப் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். பெரியவர்களுக்கு இதயநோய் அபாயத்தைக் கூட்டும். ஜன்னலைத் திறந்தாலும் ஃபேன் போட்டாலும் முழுசாகப் போய்விடாது.

யார் பொறுப்பு?

பிடிப்பவர் மட்டும் இல்லை. பொது இடம் ஒன்றின் உரிமையாளர், மேலாளர் அல்லது பொறுப்பாளர் அங்கே யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன 2008 விதிகள். நுழைவாயிலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும், லிஃப்ட் வாசலிலும் வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி வைக்கக் கூடாது. புகார் யாரிடம் சொல்வது என்று பெயரோடு எழுதி வைக்கணும். புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு.

உங்கள் சங்கம் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: பலகையில் சங்கச் செயலாளரின் பெயர் இருக்கட்டும், வாட்ச்மேன் பெயர் வேண்டாம். சம்பளம் கொடுக்கும் ஃபிளாட் ஓனரிடம் போய் 'சார், சிகரெட்டை அணைங்க' என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும் என்ற பயம் அவருக்கு இருக்கும்.

சங்கம் அபராதம் போடலாமா?

கோட்பா சட்டத்தின் 200 ரூபாய் அபராதத்தை வசூலிக்கும் அதிகாரம் அரசு அறிவித்த அதிகாரிகளுடையது. சங்கம் தானாக எதையாவது விதிக்க வேண்டுமென்றால் அது பைலாவில் இருக்க வேண்டும். கமிட்டியில் மூணு பேர் கூடிப் பேசி நோட்டீஸ் ஒட்டினால் நிற்காது. பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானம் போட்டு, பைலா சொல்லும் பெரும்பான்மையோடு திருத்தி, சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானதோ அந்தப் பதிவாளரிடம் தாக்கல் செய்யணும்.

விதியில் நாலு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தெந்த இடம், முதல் முறை எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை எவ்வளவு தொகை, மறுப்புச் சொல்ல எத்தனை நாள். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது வேண்டாம். அப்புறம் கேஸ் உங்கள் மேல்தான் வரும்.

நீங்கள் வாடகைக்கு இருப்பவரா? சங்கத்தில் ஓட்டு பெரும்பாலும் ஓனருக்குத்தான். ஆனாலும் மெயிலில் புகார் கொடுக்கலாம், அதன் நகலை உங்கள் ஓனருக்கும் அனுப்பலாம். விதி உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்காதீங்க.

பக்கத்து வீட்டு பால்கனியில் பிடித்தால்?

அது அவருடைய வீடு. கோட்பா அங்கே வராது. சிங்கப்பூரில் 2013 முதல் குடியிருப்புக் கட்டடங்களின் பொது நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தள வெளி எல்லாவற்றிலும் தடை உண்டு. அங்கேயும் அந்தத் தடை வீட்டுக்குள் போகவில்லை. புகை தினமும் வந்து வாழவே முடியவில்லை என்றால், தொல்லை என்று சிவில் நீதிமன்றம் போகலாம், நாளாகும், செலவாகும். அதற்கு முன்னால் நேரில் ஒருதடவை பேசிப் பாருங்கள். 'வீட்டில் அம்மாவுக்கு வீசிங் இருக்கு, அந்தப் பக்கமா நின்னு பிடிக்க முடியுமா?' என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

நடைமுறையில் எது வேலை செய்யும்?

தடை மட்டும் போட்டால் புகை லாபியில் இருந்து மொட்டை மாடிக் கதவுக்குப் போகும், அவ்வளவுதான். கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களுக்கும் வாட்ச்மேன் அறைக்கும் வண்டிகளுக்கும் தள்ளி, திறந்த வெளியில் ஒரு இடத்தை ஒதுக்குங்கள். ஒரு மணல் வாளி வையுங்கள். துண்டுகளும் அங்கேயே போகும், தீ பயமும் குறையும்.

விட நினைப்பவர்களுக்காக, பலகையிலேயே 1800-11-2356 எண்ணையும் எழுதி வையுங்கள். சிகரெட் பாக்கெட்டில் அச்சாகும் அதே இலவச எண்தான்.

புகார் கொடுக்கும்போது தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். ஆளை வீடியோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். விஷயம் புகையில் இருந்து தனிநபர் சண்டைக்குத் திரும்பிவிடும். இரண்டு எழுத்துப்பூர்வ புகாருக்கும் சங்கம் அசையவில்லை என்றால், அந்த நகல்களோடு உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போங்கள். அடுத்த பொதுக்குழு எப்போது என்று இன்றைக்கே செயலாளரிடம் கேளுங்கள். அஜெண்டாவில் இதைச் சேர்க்கச் சொல்லி ஒரு மெயில் போதும்.