ஐந்து கட்டையில் ஓர் உறுமல்



மின்னணு இசைக்கருவிகளின் வரலாறு என்றால் செய்தவர், வாசித்தவர் பெயர்களைத்தான் சொல்வார்கள். நான் பவர் சப்ளை பக்கமிருந்து சொல்கிறேன். மதியம் கடைசி பீரியடில் என் வகுப்பில் தூங்கியவர்களும் படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான்.

1906-இல் நியூயார்க்கில் தாடியஸ் காஹில் அரங்கேற்றிய டெல்ஹார்மோனியத்தின் எடை சுமார் 200 டன். அதில் இசை வேறு, மின்சாரம் வேறு அல்ல. சுழலும் டைனமோக்களே ஸ்வரங்களை உண்டாக்கின. அந்த மின்சாரம் தொலைபேசிக் கம்பி வழியே போனது. பக்கத்துக் கம்பியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காதிலும் பாட்டு விழுந்து, புகார் வந்தது.

அடுத்தவர்தான் எனக்குப் பிடித்தவர். லாரன்ஸ் ஹம்மண்ட் கடிகாரம் செய்தவர். கடிகாரத்தில் ஓடிய சிங்க்ரோனஸ் மோட்டாரையே 1935-இல் ஆர்கனுக்குள் வைத்தார். காந்தங்களுக்கு அருகே பல் வைத்த சக்கரங்கள் சுழல, ஸ்வரம் பிறக்கும். அந்த மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பார்ப்பதில்லை, மின்சாரத்தின் அதிர்வெண்ணைத்தான் பார்க்கும். எனவே சுருதி கலையாது. ஆனால் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்குள்ள ஆர்கனை 50 ஹெர்ட்ஸ் ஊரில் செருகினால், மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். ஐந்து கட்டையில் வாசித்தால் மூன்று கட்டையில் கேட்கும்!

வால்வும் டிரான்சிஸ்டரும் வந்தபின் கருவிக்கு நேர்மின்னோட்டம் வேண்டியிருந்தது. டையோடுகள் மாறுமின்னோட்டத்தைத் திருப்பிவிடும், மின்தேக்கி மேடுபள்ளத்தை நிரப்பும். நிரம்பாத மிச்சம்தான் உறுமல். நம் ஊரில் டையோடுப் பாலம் ஒழுங்காக இருந்து மின்தேக்கி உலர்ந்துபோனால் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். பாலத்தில் ஒரு டையோடு அறுந்தாலோ, கம்பி வழியே இரைச்சல் நுழைந்தாலோ 50 ஹெர்ட்ஸ். இரண்டுமே ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, கீழ் ஸ்தாயிகளில். பாட்டுக் காது உள்ளவர்களுக்கு மீட்டர் இல்லாமலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

ராபர்ட் மோக் 1954-இலேயே தந்தையோடு சேர்ந்து வீட்டில் தெரமின் செய்து விற்றவர். 1964-இல் அவர் உருவாக்கிய சிந்தசைசரில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்குத் தெரியும்? இங்கே அது அபஸ்வரம். வெப்பமும் சேர்ந்து படுத்தியது. 1968-இல் வெளியான 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' இசைத்தட்டுக்காக வெண்டி கார்லோஸ் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்து, துண்டு துண்டாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். மகளின் பாட்டு வகுப்புக்காகத் தானே சுருதிப் பெட்டி செய்திருந்தார். "சார், பகல்ல நல்லா இருக்கு. சாயங்காலம் உறுமுது, சுருதியும் இறங்குது. பாப்பா பாட மாட்டேங்குறா" என்றார். ஐசியை இரண்டு முறை மாற்றியாகிவிட்டதாம். மாலை ஏழு மணிக்கு ரெகுலேட்டரின் உள்ளே வரும் வோல்ட்டை அளக்கச் சொன்னேன். அவர் போட்டிருந்தது 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 7812 ரெகுலேட்டர். வீட்டில் 230 இருந்தால் மின்தேக்கியில் சுமார் 15.5 வோல்ட் நிற்கும். 12 கொடுக்க 7812-க்கு ஏறக்குறைய 14 வேண்டும், எனவே பகலில் சரி. தெருவே விளக்கும் மோட்டாரும் போட்டு 180-க்கு இறங்கும்போது 12-கூடத் தேறாது. ரெகுலேட்டர் கைவிட, மேடுபள்ளம் அப்படியே உள்ளே போகும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றி, ரெகுலேட்டருக்கு ஹீட் சிங்க் வைத்ததும் நின்றது.

வீட்டில் பழைய வால்வு ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோ திறப்பவர்கள் கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்கும் வீரம் வேண்டாம்.

ஹம்மண்ட் ஆர்கனை நேரில் பார்த்தவர்கள் நம்மில் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.