ரிம் சத்தமும் வானத்துக் குரலும்

தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஸ்லிம் ரிவர் வரும். 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, பொழுது விடியுமுன் சுமார் 30 ஜப்பானிய டாங்கிகள் டிரோலாக் பக்கமிருந்து இந்தச் சாலையில் இறங்கின. சில மணி நேரத்தில் 11ஆவது இந்தியப் பிரிவு சிதறிப்போனது. அடுத்த நான்கே நாளில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

டாங்கிகள் பெற்றுத் தந்த வெற்றி அது. ஆனால் டாங்கி இல்லாத இடத்திலும் அதன் பயம் வேலை செய்தது. ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் வந்தவர்கள். வெயிலில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்தக் கடகடப்பைக் கேட்டு, டாங்கிப் படை வருகிறதென்று எதிரிகள் பின்வாங்கியதாக ஜப்பானிய அதிகாரி மசானோபு ட்சுஜி எழுதியிருக்கிறார். வென்றவர் எழுதியது, கொஞ்சம் கழித்துத்தான் வாசிக்க வேண்டும். என்றாலும் ரப்பர் விளையும் நாட்டில் ரப்பர் இல்லாத சக்கரம் செய்த வேலை அது! காட்டுக்குள் சீனப் பட்டாசு கொளுத்தி, முதுகுப்புறம் துப்பாக்கிச் சூடு நடப்பதுபோல் ஏமாற்றியதும் உண்டு.

பத்து ஆண்டுகள் கழித்து இதே வட்டாரத்தில் வேறொரு போர். 1952 மார்ச் 25ஆம் தேதி, அறுக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் மறைந்திருந்து தாக்கினர். உதவி மாவட்ட அதிகாரி மைக்கல் காட்னர் உட்பட 12 பேர் மாண்டனர். ஹை கமிஷனர் டெம்ப்ளர் தஞ்சோங் மாலிமுக்கே வந்து ஊர்ப் பெரியவர்களைக் கூட்டித் திட்டினார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீடு வெட்டு, பள்ளிகள் மூடல், பஸ்ஸும் நின்றது. சுமார் இரண்டு வாரம் ஊர் வாயடைத்துக் கிடந்தது. தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடும்படி வீட்டுக்கு வீடு தாள் கொடுக்கப்பட்டது. குற்றம் செய்யாதவனும் அரை வயிற்றோடு இருந்தான் என்பதை மறைக்க முடியாது.

அதே ஆண்டுகளில் காட்டின் மேல் குரல் பறக்கத் தொடங்கியது. டக்கோட்டா விமானத்தில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, சரணடையச் சொல்லும் சிறு செய்தியைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள். சில வேளை காட்டில் இருப்பவரைப் பெயர் சொல்லியே அழைத்தார்கள். நேற்றுவரை உடனிருந்த தோழன் சரணடைந்து, தான் உயிரோடிருப்பதாகத் தன் குரலிலேயே சொல்லுவான். இந்த மனோவியல் போரில் முக்கிய மூளையாக இருந்தவர் சி.சி. டூ.

வியட்நாமில் அமெரிக்கர் வேறு வழி பார்த்தனர். 1969-70 வாக்கில் சாவு இசையையும் இறந்தவர் ஆவி புலம்புவது போன்ற குரலையும் இரவில் ஒலிக்கவிட்டனர். 1989இல் பனாமாவில் வத்திகான் தூதரகத்துக்குள் ஒளிந்த நோரியேகாவைச் சுற்றி ராக் இசையை அலறவிட்டனர். 1990 ஜனவரி 3ஆம் தேதி அவர் வெளியே வந்தார்.

மலாயாவில் ஆவியும் இல்லை, அலறலும் இல்லை. கீழே அரிசியைத் தடுத்துவிட்டு மேலிருந்து சோற்றுக்கும் உயிருக்கும் உறுதி சொன்னார்கள். அதனால்தான் அந்தக் குரல் எடுபட்டது. தோட்டத்திலிருந்து காட்டுக்கு ஒரு பிடி அரிசி போகாமல் பார்க்க, வேலைக்காட்டுக்குப் புறப்பட்ட பால்மரத் தொழிலாளியின் சோற்றுப் பாத்திரத்தைக்கூடச் சோதித்தார்கள்.