விளையாட்டு என்னும் ஊடகமும் பழவேற்காட்டுப் பாடு முறையும்

தமிழ்ச் சூழலில் காணொளி விளையாட்டு பெரும்பாலும் சட்டச் சிக்கலாகவே பேசப்பட்டு வந்துள்ளது. 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து, இணைய விளையாட்டுகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. இவ்விவாதங்களுக்கு அப்பால், விளையாட்டு பிற ஊடகங்களின் கதைசொல்லும் முறையையும் மாற்றிவருகிறது.

அசுவின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) திரைப்படத்தின் நாயகி ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர். ஆடுபவருக்குப் பல உயிர்கள் உண்டு என்னும் ஆட்ட விதியே அப்படத்தின் கதைக்கட்டமைப்பாகிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. சிதைந்த சமையற்குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஆடுபவரே செய்துபார்த்து நிரப்ப வேண்டும். 2024இல் அது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. ஏட்டில் முழுமையாக அடங்காத கைப்பழக்க அறிவைச் செய்கையின் வழியே கடத்தும் ஆற்றல் இவ்வூடகத்துக்கு உண்டு என்பதை 'வெண்பா' காட்டுகிறது.

இவ்வாற்றல் பழவேற்காட்டு வரலாற்றெழுத்துக்கும் பயன்படக்கூடியது. அங்கு 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை குறித்தும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகம் குறித்தும் எழுத்துச் சான்றுகள் மிகுதி. ஏரியின் நீர்ப்பரப்பை மீனவர் தமக்குள் பகிர்ந்துகொண்ட பாடு முறையோ பெரிதும் வழக்காற்றில் வாழ்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகள், இறாலுக்கு வலையிடும் இடங்களைச் சீட்டெடுத்து முறைவைத்துப் பெறும் வழக்கம் அது. வளமிக்க இடமும் வளங்குன்றிய இடமும் சுழற்சியில் அனைவர்க்கும் வாய்க்கும். விதி, வாய்ப்பு, முறை ஆகிய மூன்றாலும் இயங்கும் இவ்வழக்கம், உரைநடை விளக்கத்தைக் காட்டிலும் ஆட்ட வடிவில் தெளிவாகத் துலங்கக்கூடும்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டம் தன் விதிக்கு உட்பட்டோரை மட்டுமே காட்டும். தலைக்கட்டுரிமை இல்லாத பிற சமூக மீனவரும், கையால் இறால் பிடிக்கும் இருளரும் சீட்டெடுப்புக்கு வெளியே நிற்பவர்கள். எனவே பாடு முறையைக் குறையற்ற சமத்துவமாக மட்டும் சித்திரிக்கும் விளையாட்டு, அந்த ஏரியின் உரிமைப் பூசல்களை மறைத்துவிடும். சீட்டு யாருக்கு விழுந்தது என்பதோடு, சீட்டில் யார் பெயர் எழுதப்படவே இல்லை என்பதையும் ஆடுபவர் எதிர்கொள்ளுமாறு அமைந்தால்தான் அவ்விளையாட்டு வரலாற்று ஆவணமாகும்.