கடன் சங்கமும் வீட்டின் உள்ளறையும்

கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வட்டிக்காரரின் திண்ணையில் தொடங்கி வங்கிக் கட்டடத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு இருக்கிறது. கடன் பணம் வந்து சேருவதும், தவணை தவறிய மாதத்தில் குரல் உயர்வதும், சில வேளைகளில் கை ஓங்கப்படுவதும் அங்கேதான். மனைவியை அடிப்பவனின் குணத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அக்குணம் தண்டனையின்றி வளர இடங்கொடுக்கும் சூழல் ஒன்று உண்டு. கடன், குடி, வேலையின்மை ஆகியவற்றோடு, அடிபட்டவளுக்குப் போக்கிடம் இல்லாமையும் அச்சூழலின் பகுதியே. கடன் சங்கம் இச்சூழலை மாற்றியதா என்பதே நம் கேள்வி.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களைச் சென்னை மாகாண அரசின் சார்பில் ஆராய்ந்தவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன். அவரது அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ரைஃபைசனைப் போன்ற ஒரு மனிதரைக் கண்டடைவதே இந்தியாவின் தேவை என்பது அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று.

அச்சட்டத்தின்படி கிராமச் சங்க உறுப்பினர்களின் பொறுப்பு வரம்பற்றது. சங்கம் நொடித்தால் ஒவ்வொருவரின் சொத்தும் அதற்கு ஈடு. ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கி நின்று மலிவான கடன் பெற இது வழி செய்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நிலப் பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருந்த நாட்டில், பிணை நிற்கத் தகுந்தவர் யார்?  வட்டிக்காரரின் பிடியிலிருந்து வீட்டை விடுவிக்க முனைந்த இயக்கம், வீட்டுக்குள் யார் பிடியில் யார் இருக்கிறார் என்று கேட்கவில்லை. மனைவி சங்கத்தின் ஏட்டில் இல்லாமலிருக்கலாம். ஆனால் அவளுடைய வளையலும் சங்கிலியும் நகைக்கடனுக்காகச் சங்கத்தின் பெட்டிக்குள் போய்வந்ததை நம் ஊர்கள் அறியும்.

இக்கேள்வியைச் சங்கத்தின் அமைப்பிலேயே எழுப்பிய முயற்சிகளுள் முதன்மையானது 1974இல் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. எலா பட் தலைமையிலான சேவா அமைப்பைச் சேர்ந்த தெருவியாபாரிகளும் சுமைதூக்குவோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வோருமாக ஏறத்தாழ 4,000 பெண்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்கினார்கள். கையெழுத்திடத் தெரியாதவர்களின் வங்கியைப் பதிவு செய்வதெப்படி என்ற தடை எழுந்தபோது, பதிவுக்கு முன்வந்த பெண்கள் இரவெல்லாம் அமர்ந்து தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காணப் பிறகு புகைப்படம் பயன்பட்டது. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த பணம் எந்த நேரமும் கண்டெடுக்கப்படலாம். வங்கியில் தன் பெயரில் கிடக்கும் பணத்துக்கு அந்த அச்சம் குறைவு.

ஆனால் கடன் மட்டும் கிடைத்தால் அடி நின்றுவிடும் என்று நம்புவது எளிய ஆறுதல். மனைவியின் பெயரில் வாங்கிய கடனைக் கணவன் செலவழித்துவிட, தவணையின் சுமை மட்டும் அவள் தலையில் விழுவதுண்டு. அப்போது கடனே புதிய சண்டைக்குக் காரணமாகிறது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணக் கிராமங்களில் 2001 முதல் 2005 வரை நடந்த ஓர் ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. பெண்களுக்குக் குழுக்கடன் கொடுத்ததோடு, ஆண் பெண் உறவு பற்றியும் எச்ஐவி பற்றியும் குழுக் கூட்டங்களிலேயே தொடர்ந்து பேசவும் செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில், துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களிடையே 55 விழுக்காடு குறைந்திருந்தது. கடனை மட்டும் பெற்றவர்களைப் பின்னர் ஒப்பிட்டபோது, பொருளாதார நிலை உயர்ந்திருந்ததேயன்றி இத்தகைய பரந்த மாற்றம் தென்படவில்லை.

நமக்கு அருகிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தார்கள். இரண்டும் உடையவர்களிடையே அது 7 விழுக்காடு. கல்வியில் முன்னே நின்ற கேரளத்தின் நிலை இது. கணவன் மனைவி இருவரின் கல்வி, வேலை, குடும்ப வருவாய் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் சொத்தின் செல்வாக்கு மறையவில்லை. வெளியேறிப் போக இடமுள்ளவளை அடிக்கக் கை தயங்குகிறது என்று இதைப் பொருள்கொள்ளலாம்.

அதே 2005ஆம் ஆண்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடியோடு நில்லாமல், பணத்தைத் தர மறுப்பதையும் அவளுடைய சீதனத்தை விற்றழிப்பதையும் பொருளாதார வன்முறை என அது வகுத்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையையும் அவளுக்கு அளித்தது. 1904இன் சட்டம் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளறைக்குள் இத்தகைய சட்டம் நுழைய மேலும் நூறாண்டுகள் பிடித்தன.

ஆகவே ஒரு கடன் சங்கத்தின் வெற்றியை அளக்கும்போது, வசூலான தவணையோடு வேறு சிலவற்றையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பணத்தை எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பாஸ்புத்தகம் யார் கையில் இருக்கிறது? சங்கத்தின் ஆண்டறிக்கையில் இவற்றுக்கு இன்னும் பத்தி ஒதுக்கப்படவில்லை என்றால், அவ்வறிக்கை பாதி எழுதப்பட்டதென்றே நாம் கொள்வோம்.